உந்துருளிக்கு எந்தத் தடம்?

சில வாரங்களுக்கு முன் ஜெயபுரம் சென்றிருந்தபோது, மருமகனின் உந்துருளியில் பின்னால் அமர்ந்து பூநகரிக்குப் புறப்பட்டேன். ஏ-32 வீதியில் ஏறிச் சிறிது தூரம் போனதும் பின்னால் ஒரு பேருந்து ஓயாமல் ஒலியெழுப்பியது. எதிரே டிப்பர். மருமகன் வண்டியைக் கிரவல் கரைக்கு இறக்கினான். தாருக்கும் கிரவலுக்கும் இடையே மூன்று விரல் உயரம். முன்சில்லு வழுக்கியது, விழாமல் தப்பினோம். "பழகிப்போச்சு மாமா" என்றான். அந்தப் பழக்கம்தான் என்னை எழுத வைக்கிறது.

கலிபோர்னியாவில் வாழும் வாசகர்கள் 'கார்பூல்' தடத்தை அறிவார்கள். பலர் சேர்ந்து பயணிக்கும் கார்களுக்கென ஒதுக்கப்பட்ட தடம் அது. (நம்மூர் ஒழுங்கை என்று எண்ணிவிடாதீர்கள், கிடுகுவேலி கிடையாது.) அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தனி ஆளாகச் சென்றாலும் உந்துருளிக்கு அத்தடத்தில் இடம் தந்தது. ஆபத்து என்று ஒரு மாநிலம் சான்றுப்படுத்தினாலன்றி அதைத் தடுக்க முடியாது. ஒற்றை ஆளுக்கு ஏன் இந்தச் சலுகை என்று முணுமுணுப்போர் அங்கும் உண்டு. நின்று நின்று நகரும் நெரிசலில் பின்னால் வரும் கார் முட்டினால், முன்னே நிற்பது காராயின் விளக்கு உடையும். உந்துருளியாயின் முதுகெலும்பு உடையும். என் பார்வையில் இதுவே போதுமான விடை. பக்கத்துத் தடத்தில் ஊரும் கார் திடீரென உள்ளே புகும் அபாயம் அங்கே இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கொழும்பில் நடந்தது வேறு. 2020 செப்டெம்பரில் உந்துருளிகளையும் முச்சக்கர வண்டிகளையும் பேருந்துத் தடத்துக்குள் தள்ளினார்கள். தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் இடப்பக்கம் ஒதுங்கும் பேருந்தும், அதன் கண்ணாடியில் தெரியாத உந்துருளியும் ஒரே தடத்தில்! சில நாள்களிலேயே அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டியதாயிற்று. உந்துருளி எங்கே பத்திரமாக இருக்கும் என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கார்களின் வழியை விட்டு விலகினால் போதும் என்றே எண்ணியிருக்கிறார்கள்.

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கூட்டரசு நெடுஞ்சாலையில் செல்லும் மலேசியத் தமிழர்களுக்கு உந்துருளிக்கெனத் தனித்தடம் 1970களிலிருந்தே பழக்கம். ஷா ஆலம் பகுதியில் அது திறக்கப்பட்டபின் உந்துருளி விபத்துகள் 39 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை உந்துருளிகள். ஜெயபுரத்தில் அதுவே குடும்ப வாகனம். ஆஸ்பத்திரிக்கும் வயலுக்கும் அதுதான். சட்டம் இருவரை அனுமதிக்கிறது. நான் கண்டது தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். கார்பூல் என்றால் இதுவல்லவா கார்பூல்!

ஏ-32இல் மலேசியத் தடம் கேட்கவில்லை. தாரைக் கரைப்பக்கம் ஒரு மீற்றர் நீட்டி வெள்ளைக்கோடு போடலாம். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும் அது உதவும். பணமில்லை என்பார்கள். அப்படியானால் மாரிக்கு முன் கிரவலைத் தார்மட்டத்துக்கு நிரவி இறுக்கிவிடட்டும். அந்த மூன்று விரல் உயரமாவது இல்லாமல் போகும்.