கொட்டகை வெல்டிங் மெஷினை டிசிக்கு மாத்தலாமா? எங்க கருத்து

 

தைப்பூசம் நெருங்க நெருங்க நம்ம கோயில் கொட்டகைகள்ல ராத்திரி பத்து மணிக்கு மேலயும் வெல்டிங் வெளிச்சம் தெரியும். காவடிச் சட்டம், ரதத்துக்குப் படி, தண்ணீர்ப்பந்தல் கம்பி, வரிசைக்குத் தடுப்பு, இப்படி நிறைய வேலை தொண்டர்கள் கையாலதான் நடக்குது. பத்துமலையிலயும் பினாங்கு தண்ணீர்மலையிலயும் நாம கும்பிட்டுப் பார்க்கிற காவடிகள் பலதுக்குப் பின்னால இந்த ராத்திரி உழைப்பு இருக்கு.

இப்போ எங்க தொண்டர் குழுவுல ஒரு பேச்சு ஓடுது. கொட்டகையில கிடக்கிற பழைய ஏசி வெல்டிங் மெஷினை வீட்டுலயே டிசிக்கு மாத்திடலாம்னு. (ஏசின்னா குளிர்சாதனம் இல்லீங்க, மின்சாரத்துல சொல்ற ஏசி.) நாலு டையோடு, ஒரு ஃபேன், கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு காணொளி பார்த்தா போதும்ங்கிறாங்க. அதனால எங்க கருத்தை வெளிப்படையா எழுதுறோம்.

முதல்லயே சொல்லிடறோம். டிசி வேணும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வீட்டுல மாத்தின மெஷின் கோயில் கொட்டகைக்கு வேணாம். உபயமா ஒரு நல்ல டிசி மெஷின் வாங்குவோம். ஏன்னு கேளுங்க.

டிசி ஏன் கேட்கிறாங்க?

நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசி மெஷின்ல கரண்ட் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். ஒவ்வொரு தடவையும் தீப்பொறி அணையப் பார்க்கும், மறுபடி பத்தணும். அதனாலதான் அந்த உறுமல் சத்தம், ராடு ஒட்டிக்கிறது, பொறி தெறிக்கிறது எல்லாம். காவடிக்கு நாம எடுக்கிற ஸ்டீல் குழாய் மெல்லிசு, சுவர் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். ஏசியில ஒரு நொடி தாமதிச்சா ஓட்டை விழுந்துடும்.

டிசியில தீப்பொறி நிதானமா நிக்கும். குறைஞ்ச கரண்ட்ல வேலை செய்யலாம். ராடைப் பிளஸ்ல போடறதா மைனஸ்ல போடறதான்னு நாமே தேர்ந்தெடுக்கலாம். மெல்லிய தகட்டுக்கு மைனஸ், ஆழமாப் பிடிக்கணும்னா பிளஸ். தோள்ல ஏறப் போற காவடியோட ஒட்டு உறுதியா இருக்கணும்ங்கிறது அழகுப் பிரச்சினை இல்ல. வழியில ஒரு ஒட்டு விட்டா சுமக்கிறவர் மட்டுமில்ல, பக்கத்துல நடக்கிற குழந்தைக்கும் அடிபடும்.

டிசியிலயும் குறை உண்டு. மூலைகள்லயும் முனைகள்லயும் காந்த விசையால தீப்பொறி ஒரு பக்கமா சாயும், ஏசியில இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. அலுமினியச் சட்டத்தை டிக் முறையில ஒட்டறதுக்கு வழக்கமா ஏசிதான் வேணும். டிசி வந்தா எல்லா வேலையும் முடிஞ்சுடும்னு யாரும் நினைக்க வேணாம்.

வீட்டுல மாத்தினா என்ன ஆகுது?

யோசனை எளிமையானதுதான். மெஷின்ல இருந்து வர்ற ஏசியை நாலு பெரிய டையோடு வழியா அனுப்பினா ஒரே திசையில ஓடும். ஆனா அது இன்னும் துடிச்சுக்கிட்டே இருக்கிற டிசி. அதைச் சமன்படுத்த இரும்புக் கருவுல தடிமனான கம்பி சுத்தின ஒரு சோக் வேணும். சிலர் சோக்குக்குப் பதிலா பெரிய கெப்பாசிட்டர் போடறாங்க. சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது.

சூடு: 100 ஆம்பியர்ல வேலை செய்யும்போது கரண்ட் ஒரே நேரத்துல ரெண்டு டையோடைத் தாண்டணும். ஒவ்வொண்ணுலயும் சுமார் ஒரு வோல்ட் போகும். அப்போ 200 வாட் சூடு அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள. ஃபேன் நின்னாலோ தூசி அடைச்சாலோ டையோடு ஷார்ட் ஆகும். ஒண்ணு ஷார்ட் ஆனா டிரான்ஸ்ஃபார்மரே ஷார்ட் ஆன மாதிரிதான். புகை வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

வோல்ட்: வேலை செய்யாம சும்மா ஓடற 70 வோல்ட் ஏசி மெஷினுக்குக் கெப்பாசிட்டர் போட்டா அது 99 வோல்ட் வரைக்கும் ஏறும். சுவிட்சை அணைச்ச பிறகும் அதுக்குள்ள மின்சாரம் தங்கி நிக்கும். "அணைச்சாச்சே"ன்னு கை வைக்கிறவருக்கு அது தெரியாது.

ஓய்வு நேரம்: கடையில வாங்கின மெஷின்ல ஒரு தகடு ஒட்டியிருக்கும். பத்து நிமிஷத்துல எத்தனை நிமிஷம் வேலை, எவ்வளவு ஓய்வுன்னு சதவீதத்துல போட்டிருப்பாங்க. 20 சதவீதம்னா ரெண்டு நிமிஷம் வேலை, எட்டு நிமிஷம் ஓய்வு. வீட்டுல மாத்தின மெஷினுக்கு அந்தத் தகடு பொருந்தாது. புதுக் கணக்கை யாரும் எழுதி ஒட்டறதும் இல்ல.

எங்களுக்குப் பெரிய பயம் எது?

நாம கோயில்ல செருப்பு போடறதில்ல. தரையில அபிஷேகத் தண்ணி ஓடும், மழைத் தண்ணி வரும். வேர்வையில சட்டை நனைஞ்சிருக்கும். மின்சாரத்துக்கு இதைவிட வசதியான வழி வேற என்ன வேணும்?

ஐஇசி 60974ன்னு வெல்டிங் மெஷினுக்கு உலகத் தரவிதி ஒண்ணு இருக்கு. ஈரமும் நெருக்கமும் உள்ள ஆபத்தான இடத்துல, வேலை செய்யாத நேரத்துல ஏசிக்கு 48 வோல்ட்தான் உச்சம்னு அது சொல்லுது. டிசிக்கு 113 வரைக்கும் விடுது. அதாவது ஈரத் தரையில ஏசிதான் அதிக ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய ஏசி மெஷினைக் கொட்டகையை விட்டு அனுப்பணும்னு நாங்க சொல்றோம். ஆனா அந்தச் சலுகை முறையா செய்த டிசிக்குத்தான். டையோடு மட்டும் சொருகின மெஷினை நம்பி வெறுங்காலோட ஈரத்துல நிக்க முடியாது.

"இஎல்சிபி இருக்கே, டிரிப் ஆயிடுமே"ன்னு கேட்பீங்க. ஆகாதுங்க. மெஷினுக்குள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைக்குது. ராடு பிடிக்கிற பக்கத்துல நமக்கு ஷாக் அடிச்சா சுவர்ல இருக்கிற இஎல்சிபிக்கு அது தெரியவே தெரியாது.

"அண்ணன் நல்லா வேலை தெரிஞ்சவர்"

தெரியும். பாசிர் கூடாங்லயும் சிங்கப்பூர் கப்பல் பட்டறையிலயும் பல வருஷம் உழைச்ச அண்ணன்மார் நம்ம கூட்டத்துல இருக்காங்க. அவங்க திறமையை நாங்க குறைச்சுப் பேசல. தன் வீட்டுப் பட்டறையில, தன் கையால, தனக்குன்னு ஒருத்தர் மெஷினை மாத்தினா அது அவர் விருப்பம்.

கோயில் மெஷின் அப்படி இல்ல. இன்னைக்கு அண்ணன் பிடிப்பார், நாளைக்குப் படிவம் அஞ்சு முடிச்ச தம்பி பிடிப்பான். அடுத்த வருஷம் அண்ணன் வேற ஊருக்குப் போயிருப்பார். உள்ளே என்ன இருக்குன்னு ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச மெஷின் பத்து பேர் கைக்குப் போகக் கூடாது. எங்க மொத்தக் கருத்தும் இந்த ஒரு வரிதான்.

காசு மிச்சம்ங்கிற பேச்சும் நிக்காது. நல்ல டையோடு, ஹீட்சிங்க், ஃபேன், சோக்குக்குச் செம்பு, இதையெல்லாம் கூட்டிப் பாருங்க. வீட்டு வேலைக்கான இன்வெர்ட்டர் டிசி மெஷினே இப்போ ஹார்ட்வேர் கடையில சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்குது. பழைய மெஷினைத் தூக்க ரெண்டு பேர் வேணும். இதை ஒரு கையில தூக்கிட்டுப் போகலாம்.

நாம செய்ய வேண்டியது

பூ அலங்காரத்துக்கு உபயம் எடுக்கிறோம். அன்னதானத்துக்கு எடுக்கிறோம். காவடிக் கொட்டகைக்கும் ஒரு உபயம் எடுப்போம். ஒரு டிசி இன்வெர்ட்டர் மெஷின், ரெண்டு ஜோடி தோல் கையுறை, தானா இருளாகிற முகமூடி ரெண்டு, ரப்பர் அடிப்பாகம் உள்ள பாதுகாப்புக் காலணி. மெஷின் வாங்கும்போது விஆர்டி வசதி இருக்கான்னு கேளுங்க. வெல்டிங் நடக்காத நேரத்துல வோல்ட்டை 35க்கும் கீழே இறக்கி வைக்கிற வசதி அது.

கொட்டகையில காலணி போடறது சாமிக்குக் குறைன்னு சில பெரியவங்க வருத்தப்படலாம். கொட்டகை சந்நிதி இல்லீங்க. தொண்டன் உயிரோட வீடு திரும்பறதைத்தான் முருகனும் விரும்புவார். நிர்வாகத்துல உள்ளவங்க இதை வாயால ஒரு தடவை சொன்னா போதும், தம்பிங்க தயங்காம போட்டுக்குவாங்க.

புது மெஷின் வர்ற வரைக்கும் நாலு விஷயம் பாருங்க. ஈரத்துல நிக்காதீங்க, காய்ஞ்ச பலகை போட்டு நில்லுங்க. எர்த் கிளாம்பை ஒட்டற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டுங்க, பந்தல் கம்பியிலயோ கோயில் கைப்பிடியிலயோ வேணாம். தோல் உரிஞ்ச ஒயரை டேப் சுத்தி ஓட்டாம மாத்திடுங்க. ராத்திரி தனியா வேலை செய்யாதீங்க, கூட ஒருத்தர் இருக்கட்டும்.

வேற கருத்து உள்ளவங்க தாராளமா கீழே எழுதுங்க, பேசுவோம். உபயம் எடுக்க விரும்பறவங்க உங்க ஊர் கோயில் நிர்வாகத்துக்கிட்ட நேரா கேளுங்க. காவடிக் கொட்டகையில வேலை செய்ற தம்பி ஒருத்தருக்காவது இந்தப் பதிவை அனுப்பி வைங்க.

வேலும் மயிலும் துணை.