கோரிமேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகிறவர்களுக்குக் கோரிமேடு தெரியும். ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கும் இடம். அதைத் தாண்டினால் தமிழ்நாடு.

1954-ம் ஆண்டுக்கு முன்னால் அது ராஜ்யங்களின் எல்லை. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் சட்டம். அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரர் எழுதி வைத்த சட்டம். இரண்டுக்கும் எத்தனையோ வித்தியாசங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆணுக்குப் பெண் மீது ஆசை வருகிறது. பெண்ணுக்கு ஆண் மீது ஆசை வருகிறது. சிலருக்கு அப்படி அல்ல. ஆணுக்கு ஆண் மீதும், பெண்ணுக்குப் பெண் மீதும் மனம் போகிறது. இதைத் தன்பால் ஈர்ப்பு என்கிறார்கள். இது நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-ம் ஆண்டிலேயே இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது.

திருநங்கையர் வேறு. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, பெண்ணாக வாழ்கிறவர்கள் அவர்கள். பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழ்கிறவர்கள் திருநம்பியர்.

சுதந்திரத்தோடு வந்த சட்டம்

பிரான்ஸ் நாட்டில் 1791-ம் ஆண்டு, புரட்சிக்குப் பிறகு புதிய தண்டனைச் சட்டம் எழுதினார்கள். வயது வந்த இரண்டு ஆண்கள் சம்மதத்துடன் சேர்ந்து வாழ்வது குற்றம் என்று அதில் இல்லை. பிரெஞ்சுச் சட்டம் நடந்த புதுவையிலும் அது குற்றமாக இல்லை.

இங்கிலீஷ்காரர் 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை எழுதினார்கள். அதில் 377-வது பிரிவு இருந்தது. அதன்படி ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம் இல்லை. அந்தப் பக்கம் ஆயுள் தண்டனை!

1954 அக்டோபரில் கீழூரில் ஓட்டு எடுத்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ந் தேதி புதுவை நம் கைக்கு வந்தது. பிரெஞ்சுச் சட்டங்கள் உடனே போய்விடவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் 1963-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதிதான் புதுவைக்கு வந்தது. கூடவே 377-ம் வந்தது.

வேடிக்கையைப் பாருங்கள். இங்கிலீஷ்காரன் இந்தியாவை விட்டுப்போய் 16 ஆண்டு ஆனபிறகு, அவனுடைய சட்டம் புதுவைக்குள் நுழைந்தது. அடுத்த 4 ஆண்டில், 1967-ல், இங்கிலாந்தே தன் நாட்டில் அந்தக் குற்றத்தை எடுத்துவிட்டது!

இங்கே அது சுமார் 55 ஆண்டு நீடித்தது. 2009-ல் டெல்லி ஐகோர்ட்டு அதைச் செல்லாது என்றது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு திரும்பவும் செல்லும் என்றது. கடைசியாக 2018 செப்டம்பர் 6-ந் தேதி, ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வயது வந்தவர்கள் சம்மதத்துடன் சேர்வது குற்றம் அல்ல என்றார்கள். 2024 ஜூலை 1-ந் தேதி வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது.

வீடு கிடைக்குமா?

குற்றம் இல்லை என்றால் எல்லாம் சரியாகிவிட்டதா? பழைய புதுவையை நினைத்துப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேல் அங்கே இது குற்றமாக இல்லை. ஆனால், "உனக்கு வீடு இல்லை, போ" என்று ஒருவர் சொன்னால், அதைத் தடுக்கச் சட்டமும் இல்லை. போலீஸ் பிடிக்காது, ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்காது. ஜெயில் இல்லை, வேலையும் இல்லை.

இன்று திருநங்கையருக்குச் சட்டம் இருக்கிறது. 2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர்களை மூன்றாம் பாலினம் என்று ஏற்றுக்கொண்டது. 2019-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் போட்டது. அது 2020 ஜனவரி 10 முதல் அமலுக்கு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை, வாடகை வீடு ஆகியவற்றில் திருநங்கை என்பதற்காக வேற்றுமை காட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். பெற்ற வீட்டில் இருந்து துரத்தினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஜெயில் என்றும் எழுதினார்கள்.

ஆனால் ஓர் ஓட்டை விட்டுவிட்டார்கள். வாடகைக்கு வீடு மறுக்கக்கூடாது என்று எழுதியவர்கள், மறுத்தால் என்ன தண்டனை என்று எழுதவில்லை. பூட்டு இருக்கிறது, சாவி இல்லை! திருநங்கை என்பதற்காக இரண்டு பள்ளிக்கூடங்களில் வேலை போன ஓர் ஆசிரியை சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 2025 அக்டோபரில்தான் அவருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. எல்லோராலும் டெல்லி வரை போக முடியுமா?

தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களுக்கு இப்படித் தனிச் சட்டமே இல்லை. சர்க்கார் வேற்றுமை காட்டினால் அரசியல் சட்டத்தைச் சொல்லிக் கேட்கலாம். மனநல ஆஸ்பத்திரியில் வேற்றுமை காட்டக்கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரரும் கம்பெனி முதலாளியும் வேற்றுமை காட்டினால்? பதில் இல்லை.

இந்த நிலையில் சென்னை ஐகோர்ட்டுதான் ஓரளவு துணை நின்றிருக்கிறது. புதுவைக்கும் அதுதான் ஐகோர்ட்டு. மதுரையில் இரண்டு பெண்கள் வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று சொல்லி, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். இவர்களைப் போலீசார் தொல்லை செய்யக்கூடாது, மருந்து கொடுத்து "மாற்றுகிறேன்" என்று டாக்டர்கள் கிளம்பக்கூடாது என்றார். பெரிய பதவியில் இருப்பவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நம் நாட்டில் அபூர்வம்.

2025 மே மாதம் அதே ஐகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் இன்னொன்று சொன்னார்கள். வேலூர்ப் பக்கத்தில் வீட்டார் அடைத்து வைத்த ஒரு பெண்ணை விடுவித்தார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்று இல்லை என்றார்கள்.

கல்யாணம் மட்டும் இன்னும் இல்லை. 2023 அக்டோபர் 17-ந் தேதி, அது பார்லிமெண்டின் வேலை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பிரான்சில் 2013 முதல் அந்த உரிமை உண்டு. புதுவையில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. ஒரு வீட்டுப் பிள்ளை பிரான்சுக்குப் போய் அப்படி மணம் செய்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது இல்லை. ஆனால் சேர்ந்து வாழும் இருவர் பாங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம் என்று மத்திய சர்க்கார் 2024 ஆகஸ்டில் தெளிவாக்கியது. பலருக்கு இது தெரியாது.

வாடகை வீட்டுக்கும் தனியார் வேலைக்கும் பார்லிமெண்டையே காத்திருக்க வேண்டும் என்பது இல்லை. புதுவைக்குச் சொந்தமாகச் சட்டசபை இருக்கிறது. திருநங்கையருக்கு எழுதிய வாசகத்தில் தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களையும் சேர்த்து, விட்டுப்போன தண்டனையையும் எழுதி, ஒரு மசோதா கொண்டுவரலாம். டெல்லியின் ஒப்புதல் வேண்டியிருக்கும். முதலில் யாராவது ஓர் எம்.எல்.ஏ. எழுந்து கேட்கவேண்டும்.