கோடு போட்ட கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கைலாசபுரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சி நிச்சயம். லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் ஆசாமி, ஒரு பக்கெட், ஒரு பழைய பனியன், ஒரு கார். மற்ற ஆறு நாளும் வீட்டில் யாரிடமும் காட்டாத பரிவை அந்தக் காரிடம் காட்டிக்கொண்டிருப்பார். போன வருஷம் அந்தக் கோஷ்டியில் நானும் சேர்ந்தேன். செகண்ட் ஹாண்ட் வண்டி. (விற்றவர் அப்படித்தான் சொன்னார். நாலாவது ஹாண்டாவது இருக்கும் என்பது மெக்கானிக்கின் அபிப்பிராயம்.)

பாடியைக் கழுவுவதில் பிரச்னையே இல்லை. தண்ணியை ஊத்தினோமா, தேய்ச்சோமா, பளபளன்னு ஆச்சா, அவ்வளவுதான். கண்ணாடிதான் சண்டித்தனம் பண்ணியது. ஈரமாக இருக்கும்வரை ஸ்படிகம் மாதிரி இருக்கும். காய்ந்ததும் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு. மறுபடி துடைத்தால் கோடு இடம் மாறும், போகாது. ஒரு தடவை சரியாக மூன்று பட்டை விழுந்துவிட்டது. என் மனைவி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "கைலாசபுரத்து வண்டியாச்சே, அதான் விபூதி பூசிண்டிருக்கு" என்றாள்.

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். கோடுதானே, கண்ணாடியில் கோடு இருந்தால் வண்டி ஓடாதா என்ன?

ஓடும். எப்படி ஓடும் என்பது போன தை மாசம் தெரிந்தது.

தஞ்சாவூரில் ஒரு காதுகுத்து. முடித்துக்கொண்டு ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் அம்மா, மடியில் மண்டபத்தில் கொடுத்த தேங்காய்ப் பை. துவாக்குடி தாண்டி, வீடு வந்தாச்சு என்ற தைரியத்தில் கொஞ்சம் அழுத்தினேன். மீடியனுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி ஹைபீமில் வந்தது. அவ்வளவுதான், என் முன் கண்ணாடி மொத்தமும் சினிமா ஸ்கிரீன் மாதிரி வெள்ளையாகிவிட்டது. ரோடு இல்லை, மரம் இல்லை, ஒன்றுமில்லை. பார்வை திரும்பியபோது பம்பருக்கு முன்னால் ஒரு சைக்கிள். கறுப்புச் சட்டை, விளக்கில்லாத சைக்கிள். பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்லவேண்டும். தேங்காய்கள் உருண்டு முன்சீட்டுக்கு வந்தன. அம்மா "முருகா" என்றாள்.

சைக்கிள்காரர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "யோவ், கண்ணு தெரியலையா?" என்றார்.

கண் தெரிந்தது. கண்ணாடிதான் தெரியவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் செகண்டுக்குப் பதினாறு மீட்டர் சொச்சம். இரண்டு செகண்ட் குருடாக இருந்திருந்தால் முப்பத்து மூன்று மீட்டர். எங்கள் தெருவில் பாதி. அவ்வளவு தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன், அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு.

மறுநாள் காலை வெறியோடு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பத்து மணி வெயிலில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எதிர் க்வார்ட்டர்ஸ் சார் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஃபேக்டரியில் பாய்லர் தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை பார்ப்பவர். நாலடி தள்ளி நின்று, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கிற மாதிரி கண்ணாடியைப் பார்த்தார்.

"எந்தத் தண்ணி தம்பி?"

"போர் தண்ணி சார்."

"சோப்பு?"

"ரெண்டு பாக்கெட் ஷாம்பூ."

"வெயில்ல நிறுத்தியிருக்கீங்க..."

"சீக்கிரம் காயும்ல சார்."

"தொடைக்கிறது?"

"புது டர்க்கி டவல் சார், கலர் பார்த்து வாங்கினேன்" என்றேன் பெருமையாக.

"நாலுக்கு நாலும் தப்பு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பத்தாம் கிளாஸ் கணக்குப் பரீட்சைக்குப் பிறகு இந்த மார்க்கை நான் வாங்கியதில்லை.

"தம்பி, இந்த ஊரு எதுக்காக உண்டாச்சு?" என்று ஆரம்பித்தார். பதில் எனக்கே தெரியும். பாய்லருக்காக. 1965-ல் செக்கோஸ்லோவாகியா ஒத்துழைப்போடு பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் தொழிற்சாலை இங்கே வந்தது. அதில் வேலை பார்க்கிறவர்கள் குடியிருக்கத்தான் கைலாசபுரம். "பாய்லருக்குள்ள சாதாரணத் தண்ணி விடுவாங்களா? விடமாட்டாங்க. உப்பையெல்லாம் எடுத்துட்டு, டி.எம். வாட்டர்தான். ஏன்? தண்ணி ஆவியாப் போயிடும். அதுல கரைஞ்சிருக்கிற கால்சியமும் மக்னீசியமும் ஆவியாப் போகாது. ட்யூப்புக்குள்ள பாறை மாதிரி படியும். சூடு தண்ணிக்குப் போகாம ட்யூப்பே சூடாகி, வெடிக்கும். இது இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆனா மட்டும் எல்லாரும் மறந்துட்டு, போர் தண்ணியைக் கொண்டுபோய்ச் சுடுற கண்ணாடியில ஊத்துறோம். உங்க கண்ணாடியும் ஒரு பாய்லர்தான் தம்பி!"

அப்புறம் ஒரு கணக்குச் சொன்னார். குடிநீருக்கான இந்தியத் தரத்தில், தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் போர் தண்ணீரை ஒரு பேச்சுக்கு 500 என்று வைத்துக்கொண்டால், பதினைந்து லிட்டர் பக்கெட்டில் எவ்வளவு சுண்ணாம்புச் சரக்கு?

போட்டுப் பார்த்தேன். ஏழரை கிராம்.

ஏழரை! சனி பகவான் என் பக்கெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் ஜாதகத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"சரி சார், சுண்ணாம்பு கண்ணாடி பூரா சமமாத்தானே படியணும்? கோடா ஏன் வருது?" என்று மடக்கினேன். அவர் மடங்கவில்லை. "வீட்டுல டேபிள்மேல காபி சிந்தினா எப்படிக் காயுது?" என்று கேட்டார். ஓரத்தில் கறுப்பு வளையமாக, நடுவில் வெளுப்பாக. எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம்தான். ஆனால் ஏன் அப்படி என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்து, 1997-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கோஷ்டி எழுதியது. சொட்டின் ஓரம் பிடித்த இடத்தை விடாது. நம் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவர் மாதிரி. அங்கே ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது சரக்கையெல்லாம் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் கொட்டுகிறது. துணி இழுத்த தடத்தில் நிற்கிற மெல்லிய தண்ணீருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அதுதான் கோடு. பகலில் வெளியே வெளிச்சமாக இருப்பதால் கண் கண்டுகொள்ளாது. ராத்திரி எதிர் வண்டி லைட் பட்டதும் அந்தப் பொடி ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடித்துத் தானும் ஒரு குட்டி பல்பாக எரியும்.

ஆக, ரகசியம் துடைப்பதில் இல்லை. காயவிடாமல் இருப்பதில் இருக்கிறது. கண்ணாடியில் தண்ணீர் தானாகக் காய்ந்தால் கோடு. காய்வதற்குள் துணி உறிஞ்சிக்கொண்டால் கோடில்லை. மற்றதெல்லாம் இதற்கு உப கதைகள்.

உப கதைகளையும் சார் விடவில்லை. வண்டியை வேப்ப மரத்தடிக்குத் தள்ளச் சொன்னார். கண்ணாடியைக் கையால் தொட்டால் சூடே தெரியக்கூடாதாம். திருச்சி வெயிலில் அதற்கு விடியற்காலைதான் லாயக்கு. ஷாம்பூவை ஓரங்கட்டினார். "தலைமுடி மினுமினுக்கணும்னு அதுல என்னென்னமோ போட்டிருக்கான். அது முடிக்கு நல்லது, கண்ணாடியில எண்ணெய்ப் படலம்." புது டவலை மனைவியிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். புதுத் துணியில் ஆலையில் போட்ட பூச்சு இருக்கும், பஞ்சும் உதிரும். பல வருஷம் துவைத்து நைந்துபோன காட்டன் வேஷ்டிதான் உத்தமம். மைக்ரோஃபைபர் துணியும் தேவலை. ஆனால் இரண்டையும் வாசனைக் கண்டிஷனரில் முக்கக்கூடாது, முக்கினால் அந்தப் பிசுக்கு கண்ணாடிக்கு வந்துவிடும். வேஷ்டியை நாலாகக் கிழித்து, ஒன்று ஈரம், ஒன்று உலர்ந்தது என்று ஜோடியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் தூசியைத் தாராளமாகக் கழுவிவிட்ட பிறகு, கண்ணாடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

அந்த ஒரு சொம்புக்கு டி.எம். வாட்டருக்கு எங்கே போவது? சார் என் வீட்டு ஏ.சி.யைக் காட்டினார். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வருவது. சுண்ணாம்பு கிடையாது. (குடிக்க வேண்டாம், வேறு அழுக்கு இருக்கும்.) மழைத் தண்ணீரும் ஆகும். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அதன் பலன் காருக்கும் உண்டு என்று அரசாங்கமே யோசித்திருக்காது.

ஏற்கெனவே கெட்டிப்பட்ட வெள்ளைப் புள்ளிகளுக்குக் கடையில் கிடைக்கும் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, காகிதத்தில் நனைத்து ஐந்து நிமிஷம் ஒட்டிவைத்தால் சுண்ணாம்பு கரைந்து வந்துவிடுகிறது. பெயிண்ட் மேல் வழியாமல் பார்த்துக்கொண்டு, உடனே கழுவிவிட வேண்டும். கடைசி மெருகுக்குப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் துடைக்கலாம். பஞ்சு உதிராது, ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மை ரப்பர் பீடிங்கில் ஒட்டும், கையிலும் ஒட்டும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இந்தப் பத்திரிகையின் அட்டையைக் கிழிக்க வேண்டாம். வழவழக் காகிதம் எதையும் உறிஞ்சாது.

பைக்கில் ஆபீஸ் போகிற தம்பிகள், 'நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். ஹெல்மெட்டின் முன்னால் இருப்பது கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக். அதைச் செய்தித்தாளால் தேய்த்தால் கீறல் விழும். பெட்ரோல், ஸ்பிரிட், கண்ணாடிக்கு அடிக்கிற அம்மோனியா மருந்து எல்லாம் அதற்கு எமன். தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு, ஒட்டியிருக்கிற பூச்சி ஊறியதும் மெதுவாகத் துடைப்பதோடு சரி.

எல்லாம் செய்தேன். கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. அன்று ராத்திரி பால் வாங்குகிற சாக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு திருவெறும்பூர் வரை போனேன். எதிரே பஸ். மறுபடியும் பனிமூட்டம்!

காலையில் சாரிடம் ஓடினேன். "உள்பக்கம் தொடைச்சீங்களா?" என்றார். உள்பக்கமா? உள்ளே யார் சேறு அடிக்கப் போகிறார்கள்?

"ஒரு வழி சொல்றேன். உள்பக்கத்தைக் குறுக்குவாட்டிலயும், வெளிப்பக்கத்தை மேலேர்ந்து கீழயும் தொடைங்க. அப்புறம் கோடு படுத்திருந்தா உள்ள, நின்னிருந்தா வெளிய." இவ்வளவு எளிய யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை வருத்தம். துடைத்துப் பார்த்தால் துணி பழுப்பாக வந்தது. வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகும்போது அதிலிருந்து கிளம்புகிற ஆவி கண்ணாடியில்தான் போய் ஒட்டுகிறது. அது போதாதென்று என் காரில் வெள்ளிக்கிழமை தவறாமல் டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு ஊதுபத்தி. நாலு ஜன்னலையும் ஏற்றிவிட்டு! எண்ணெய்ப் புகை வேறெங்கே போகும்?

இதை மனைவியிடம் சொல்வதற்குத்தான் இந்த விவகாரத்திலேயே அதிக தைரியம் தேவைப்பட்டது. இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பிள்ளையார் உள்ளேயே இருப்பது, ஊதுபத்தியை பானெட்டுக்கு வெளியே நின்று காட்டுவது என்று உடன்பாடு ஏற்பட்டது.

வைப்பரையும் கவனித்தேன். 1903-ல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி பேட்டன்ட் வாங்கிய சாதனம் அது. அவர் அதில் காசு பார்க்கவில்லை. நம் ஊரில் அதற்கு மரியாதையும் இல்லை. மழை என்றைக்கோ வரும், அதுவரை ரப்பர் வெயிலில் வேகும். தூசிக் கண்ணாடியில் தண்ணீர் அடிக்காமல் அதைப் போட்டால் அரைவட்டமாகக் கீறல்தான் மிச்சம். ரப்பர் ஓரத்தை ஈரத்துணியால் வழித்தேன், விரல் கறுப்பாகிவிட்டது.

பத்து நாள் கழித்து மறுபடி தஞ்சாவூர் ரோடு, ராத்திரி, பின் சீட்டில் அம்மா. துவாக்குடி தாண்டியதும் கை தானாகவே ஸ்டீரிங்கை இறுக்கிக்கொண்டது. எதிர்ப்பக்கம் லாரி, அதே ஹைபீம். கண் கூசியது, வாஸ்தவம்தான். ஆனால் ஸ்கிரீன் விழவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் ரோடு ரோடாகவே இருந்தது. வெகு முன்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, தாண்டினேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். சார் ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எல்லாம் ஒண்ணுமில்லை தம்பி, காயறதுக்குள்ள தொடைக்கணும், அவ்வளவுதான்" என்றபடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாயால் ஊதி, பனியன் நுனியால் இரண்டு தேய் தேய்த்து மாட்டிக்கொண்டார்.

இடது கண்ணுக்கு நேரே மூன்று பட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை.