மூலப்படத்தைக் காப்போம்!

சுருங்கச் சொல்வதும் விளங்கச் சொல்வதும் நூலுக்கு அழகு என்கிறது நன்னூல். நிழற்படத்திற்கும் இது பொருந்தும் என்பதே என் கருத்து.

இணையவழிப் போட்டி ஒன்றிற்காக எங்கள் தெருக்கோடியில் இருந்த பழைய பீங்கான் சூளையைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். படம் 2 மெகாபைட்டுக்கு மிகக்கூடாது என்பது விதி. வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் சுருக்கித் திருப்பி அனுப்பினாள். நான் மறுபடியும் சுருக்கினேன். செங்கல் வரிகள் யாவும் கரைந்து போயின. மூலப்படத்தையோ, இடம் அடைக்கிறதென்று அழித்துவிட்டேன். இன்று அந்தச் சூளையும் இல்லை, இடித்துவிட்டார்கள்.

தோழியரே! சூளையில் மண் சுருங்கும் என்று அறிந்தே நம் விருத்தாசலத்துத் தொழிலாளர் அச்சைப் பெரிதாகச் செய்கின்றனர். எல்லாப் பக்கமும் சீராகச் சுருங்கினால்தான் கோப்பை கோணாது. படமும் அப்படியே. 4000க்கு 3000 புள்ளிகள் உள்ள படத்தை 2000க்கு 1500 ஆக்கினால் உருவம் மாறாது. 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் 30 இலட்சமாகும். திரையில் பார்க்க அது போதும். ஆனால் ஜேபெக் படத்தைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் சிறிது குறையும். வெந்த மண் மீண்டும் களிமண் ஆவதில்லை. இழந்த நுணுக்கமும் திரும்புவதில்லை.

ஆகவே, பிறருக்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். நகலை மட்டும், ஒரே முறை சுருக்குங்கள். நகல் பரிசு பெறட்டும். மூலப்படம் நம் ஊரின் நினைவாக நிலைக்கட்டும்!