கொடுத்த பின்பும் முடியாத கொடை

ஒரு பொருளை ஆக்கி உலகுக்கு அளிப்பது பெருஞ்செயல். அளித்த பொருள் பழுதின்றிப் பயன்படுமாறு நாளும் பேணுவதோ அதனினும் கடினமான செயலாகும். முன்னதற்குப் புகழ் உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் நன்றிகூடக் கிடைப்பதில்லை. கணினி உலகிலே இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும் ஓரிடத்தைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் சிந்திக்க விரும்புகிறோம்.

இன்று இணையத்தளம் ஒன்றை அமைக்க விரும்பும் பாடசாலையோ, வாசிகசாலையோ, சிறு வணிகரோ எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுதுவதில்லை. பிறர் கட்டி வைத்த அடித்தளத்தின் மீதே தமது தளத்தை எழுப்புகின்றனர். அத்தகைய அடித்தளங்களுள் ஒன்று, மற் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டு தொடக்கிய வேர்ட்பிரஸ் ஆகும். உலகின் இணையத்தளங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இதன் மீது இயங்குவதாகக் கணிப்புகள் கூறுகின்றன. அடித்தளத்தில் இல்லாத வசதிகளை, அதாவது விண்ணப்பப் படிவம், நாட்காட்டி, படக்காட்சி போன்றவற்றை, 'சொருகி' எனப்படும் சிறு நிரல்கள் தருகின்றன. 50,000க்கு மேற்பட்ட சொருகிகள் வேர்ட்பிரஸின் பொதுப் பட்டியலிலே இலவசமாகக் கிடைக்கின்றன. இவை திறந்த மூல நிரல்கள். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இவற்றுட் பலவற்றை ஊதியம் பெறாத தனி மனிதர்களே ஓய்வு வேளையில் எழுதினர்.

சொருகி என்னும் பெயர் மிகப் பொருத்தமானதே. வட்டக் கால்களையுடைய பிளக் ஒன்று நம் வீட்டு மின்விசிறியில் இருக்கிறது எனக் கொள்வோம். சுவரிலுள்ள பொருத்தியைச் சதுரக் கால்களுக்கு உரியதாக மாற்றிவிட்டால் விசிறி நின்றுவிடும். விசிறியில் யாதொரு பழுதும் இல்லை. ஆயினும் காற்று வராது. சொருகியின் நிலையும் இதுவே. அதிலே ஓர் எழுத்தும் மாறாதிருக்க, அடித்தளத்தின் புதிய பதிப்பு வந்த அன்றே அது செயலற்றுப் போதல் கூடும்.

அங்ஙனமாயின் அடித்தளத்தை மாற்றாமலே விடலாகாதோ என வினவலாம். ஆகாது. பாதுகாப்பிலே காணப்பட்ட துளைகளை அடைக்க வேண்டும். புதிய கருவிகளுக்கும் உலாவிகளுக்கும் இசைய வேண்டும். மாறாத அடித்தளம் நாளடைவில் கள்வருக்குத் திறந்த வீடாகிவிடும். ஆகவே மாற்றம் தவிர்க்க முடியாதது. அது எவ்வாறு அறிவிக்கப்படுகிறது, எவ்வாறு எதிர்கொள்ளப்படுகிறது என்பதே வினா.

இதற்குச் சிறந்த சான்று ஒன்றுண்டு. ஜோன் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் நிரல் நூலகத்தை வேர்ட்பிரஸும் அதன் எண்ணற்ற சொருகிகளும் பயன்படுத்தி வந்தன. 2011இல் அந்நூலகத்தார், 'லைவ்' எனப்படும் கட்டளை இனி வழக்கொழியும் என அறிவித்தனர். 2013 ஜனவரியில் வந்த 1.9 பதிப்பில் அதனையும் வேறு சில பழங் கட்டளைகளையும் நீக்கினர். பழைய நிரல்கள் திடீரென முறியாதிருக்க, 'மைகிறேற்' என்னும் துணை நிரலையும் உடன் வழங்கினர். வேர்ட்பிரஸ் அதே ஆண்டில் அதனைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

அத்துணை நிரல் ஒரு குடைபோல ஏழு ஆண்டுகள் நின்றது. குடையின் கீழிருந்தோர் மழையை அறியவில்லை. பழங் கட்டளை பயன்படும் போதெல்லாம் எச்சரிக்கை கூறும் ஆற்றல் அதற்கு இருந்தும், பொதுமக்கள் காணும் தளங்களிலே அது மௌனமாகவே இயங்கியது. 2020 ஓகஸ்ட் 11ஆம் திகதி வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பில் குடை எடுக்கப்பட்டது. பல தளங்களில் படக்காட்சிகள் நின்றன. பொத்தான்கள் அழுத்தியும் அசையவில்லை. தள உரிமையாளர் பலருக்குக் காரணமே விளங்கவில்லை. குடையை மீண்டும் விரிக்கவென்றே ஒரு தற்காலிகச் சொருகியை வேர்ட்பிரஸ் குழுவினர் வெளியிட நேர்ந்தது. டிசெம்பரில் வந்த 5.6 பதிப்பு, ஜேகுவெரியின் 3.5.1 பதிப்புடன் புதியதொரு மைகிறேற்றையும் கொண்டிருந்தது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? சலுகை அளிப்பது நன்று. ஆனால் மௌனமான சலுகை அசட்டையை வளர்க்கும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக முடித்திருக்கக்கூடிய வேலை, ஒரே நாளிலே மலையாக வந்து நின்றது.

நல்ல பராமரிப்பாளர் இவ்வாறு காத்திருப்பதில்லை. புதிய பதிப்பு வெளிவருமுன் தரப்படும் முன்னோட்டப் பதிப்பிலேயே தமது சொருகியை இயக்கிப் பார்ப்பார். பழைய பதிப்பு, புதிய பதிப்பு ஆகிய இரண்டிலும் தாமாகவே இயங்கும் பரிசோதனைகளை எழுதி வைப்பார். அடித்தளத்தார் பொதுப் பயனுக்கென அறிவித்த வாசல்களால் மாத்திரமே நுழைவார். கொல்லைப்புறச் சந்துகளை நம்பமாட்டார். எப்பதிப்பு வரை பரிசோதித்தார் என்பதையும் எழுதி வைப்பார். மூன்று பெரும் பதிப்புகள் வரை ஒரு சொருகி பரிசோதிக்கப்படாதிருப்பின், வேர்ட்பிரஸின் பட்டியல் அதனைப் பயனாளருக்கு எச்சரித்துக் காட்டும். பரிசோதிக்காமலே அவ்வெண்ணை மாத்திரம் உயர்த்துவது எளிது. ஆனால் அது பயனாளருக்குச் செய்யும் வஞ்சனையாகும்.

இத்தனையும் செய்பவர் பகலெல்லாம் வேறு தொழில் பார்த்து, இரவில் விளக்கின் முன் அமர்பவராக இருக்கலாம். புதிதாக ஒன்றும் தோன்றாத வேலை இது. நேற்று இயங்கியது இன்றும் இயங்குகிறது என்பதே அதன் முழுப் பயன். எனவே எவரும் அதனைக் காண்பதில்லை. இயங்காதபோது மாத்திரம் கடுஞ்சொற்கள் வந்து குவிகின்றன. மனம் நொந்து அவர் விலகிவிட்டால், அவருடைய சொருகியை நம்பிய தளங்கள் அனைத்தும் காப்பாரற்றுப் போகின்றன. இலவசம் எனப் பெற்றவர் அப்போதுதான் அதன் விலையை உணர்கின்றனர்.

ஆதலின் பயனாளருக்கும் கடமை உண்டு. புதிய பதிப்பை முதலில் தளத்தின் பிரதியொன்றிலே பரீட்சித்துப் பார்த்தல், பிழையைக் கண்டால் எப்பதிப்பில் எவ்வாறு நிகழ்ந்தது எனப் பொறுமையுடன் எழுதுதல், இயன்றால் பொருளுதவி செய்தல் ஆகிய மூன்றும் எவர்க்கும் கூடுவனவே.

கணினி கற்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். புதிதாக ஒன்றை ஆக்க வேண்டும் என்னும் ஆவல் இளமைக்கு இயல்பு, அது வாழ்க. ஆயினும் நீங்கள் நாளும் பயன்படுத்தும் திறந்த மூல நிரல் ஒன்றைத் தேர்ந்து, அடுத்த பதிப்பிலே அது இயங்குகிறதா எனப் பார்த்து, முறிந்த ஒரு வரியையேனும் திருத்தி அனுப்புங்கள். பிறர் எழுதியதைப் படித்து விளங்கும் ஆற்றல் அதனாலே வளரும். எங்கோ முகமறியாத ஒருவருக்கு அன்றிரவு சற்று முன்னதாக உறங்கவும் வாய்க்கும்.