பூஞ்சைக்கு மருந்து பெயின்ட் அல்ல

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே காட்சிதான். பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கரும்புள்ளிகள். குளியலறைக் கூரையின் மூலையில் பச்சையும் கறுப்புமாகத் திட்டு. அலமாரியைத் திறந்தால் பட்டுப்புடவையில் முடை நாற்றம். பொங்கல் நெருங்குவதால் பெயின்டருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போகிறார். உறவினர் வரும் நாளில் சுவர் பளிச்சென்று இருக்கிறது. பங்குனிக்குள் அதே இடத்தில் பெயின்ட் கொப்புளம் விடுகிறது. அடுத்த மழையில் கறுப்பு திரும்பிவிடுகிறது. "போன தடவை அடித்தது மட்டமான பெயின்ட்" என்று சொல்லி, விலை கூடிய டப்பாவை வாங்குகிறார்கள்.

குறை பெயின்டில் இல்லை. ஈரச் சுவரின் மேல் எதைப் பூசினாலும் இதுதான் நடக்கும். தண்ணீர் எங்கிருந்தோ வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது என்பதற்குப் பூஞ்சை ஓர் அடையாளம். அந்தத் தண்ணீரை நிறுத்தும்வரை சுவருக்குச் செய்யும் செலவெல்லாம் வீண். அதைவிடப் பெரிய அநியாயம், "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்று குடியிருப்பவரையே, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களையே, குற்றம் சொல்வது. கூரை ஒழுகுவதற்கும் குழாய் கசிவதற்கும் துடைப்பம் பிடித்தவர் என்ன செய்வார்?

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருப்பவை. அவற்றை முற்றாக ஒழிக்க யாராலும் முடியாது. அவை முளைக்க உணவு, வெப்பம், ஈரம் மூன்றும் வேண்டும். மரம், காகிதம், துணி, பெயின்ட், சுவரில் படிந்த தூசி எல்லாமே அதற்கு உணவு. தமிழ்நாட்டின் வெப்பம் ஆண்டு முழுவதும் அதற்குத் தோதானது. மனிதர் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றைத்தான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிப்பதில்லை. வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மழைக்காலச் சென்னையில் வெளிக்காற்றின் ஈரப்பதமே பல நாட்கள் 80 விழுக்காட்டைத் தொடும். இங்கே கட்டப்படும் வீடு இந்த ஊர்க் காற்றை மனத்தில் வைத்துக் கட்டப்பட வேண்டும்.

எனவே முதல் வேலை, தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது.

மேலிருந்து வருவது ஒன்று. மொட்டை மாடியில் தட்டோடுகளின் இடைவெளி பிளந்திருக்கும்; கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் ஓடியிருக்கும்; மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கும். அடுக்ககங்களில் மாடி வீட்டுக் குளியலறையின் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் வட்டமாக இறங்கும். மழையே இல்லாத சித்திரையிலும் ஒரு சுவர் ஈரமாக இருந்தால், அதற்குள் ஓடும் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கீழிருந்து ஏறுவது இரண்டாவது. கொத்தனார்கள் இதை ஓதம் என்பார்கள். அடித்தளத்தில் ஓதத் தடுப்புப் பூச்சு இல்லாமலோ சரியாகப் போடாமலோ விட்டால், செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு ஏற்றிவிடும். அந்தச் சுவரில் வெள்ளையாகப் பூப்பது பல நேரங்களில் பூஞ்சையே அல்ல. தண்ணீரோடு ஏறி வந்த உப்பு. கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது.

மூன்றாவது ஈரம் காற்றிலிருந்தே வருவது. குளிர்சாதன அறையின் குளிர்ந்த பரப்பில் வெளியிலிருந்து நுழையும் ஈரக்காற்று பட்டால் நீர் பூக்கும். மழை நாளில் படுக்கையறைக் கொடியில் காயும் துணி, அடுப்பின் நீராவி, வென்டிலேட்டர் இல்லாத குளியலறை எல்லாம் இதற்குத் துணை. சுவரோடு ஒட்டி வைத்த பீரோவின் பின்னால் காற்றே போகாது என்பதால் பூஞ்சை அங்கேதான் முதலில் குடியேறுகிறது.

எந்த ஈரம் என்று தெரியாவிட்டால் எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு சாணுக்கு இரண்டு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் உட்புறம், சுவரை ஒட்டிய பக்கம், நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றில் இருக்கிறது. முன்னதற்குக் கொத்தனாரும் பிளம்பரும் தேவை. பின்னதற்கு ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் செலவில் இறங்குவதால்தான் பணம் கரைகிறது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்துக்குக் கட்டட அறிவியலில் இடம் இருந்தது. சுண்ணாம்பு கடும் காரத்தன்மை உடையது. காரம் மிகுந்த பரப்பில் பூஞ்சை எளிதில் வளராது. அதோடு சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைத்து வைக்காது. மழையில் ஊறிய சுவர் அதன் வழியே மெல்ல உலர்ந்துவிடும். முற்றமும் உயரத்தில் வைத்த காற்றுத் துளையும் மிச்ச ஈரத்தை வெளியேற்றின. இன்று நாள்காட்டி மட்டும் மாறவில்லை. சுவரின் மேல் ஏறும் பொருள் மாறிவிட்டது. மழை முடிந்த கையோடு, இன்னும் காயாத சுவரில், படலமாகப் படியும் பிளாஸ்டிக் எமல்ஷனை ஏற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. நவீன பெயின்ட் வேண்டும் என்றால் அடிக்கலாம், தவறில்லை. ஆனால் கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகு, மாசியிலோ பங்குனியிலோ அடிக்க வேண்டும்.

தண்ணீரை நிறுத்திய பிறகே பூஞ்சையை அகற்றும் வேலை. ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடி பரப்புவரை வீட்டாரே செய்துகொள்ளலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் பழக்கமுள்ள ஆளை வைப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. செய்பவர் என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிய வேண்டும். அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்த வேண்டும். உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டுவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும்தான் பலரும் செய்யும் தவறு. அது வித்துகளை வீடு முழுக்கத் தூவிவிடும். சோப்புத் தண்ணீரால் நனைத்துத் தேய்த்து, துணியால் வழித்தெடுத்து, அன்றே உலர்த்த வேண்டும்.

டைல்ஸ், கண்ணாடி, உலோகம் இவற்றில் அது போதும். பூச்சுச் சுவரில் நிலைமை வேறு. பூஞ்சையின் இழைகள் நுண்துளைகளுக்குள் இறங்கியிருக்கும். சுவர் உதிர்கிறது என்றால், பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதே சரி. ஊறிப்போன ஜிப்சம் கூரை, உப்பிய பிளைவுட் அலமாரி, இலவம்பஞ்சு மெத்தை, தலையணை ஆகியவற்றைத் தூக்கிப்போடத்தான் வேண்டும். கழுவினால் அவை சரியாகாது.

பிளீச்சிங் பவுடர் கரைசல் எல்லோரும் நம்பும் மருந்து. வழவழப்பான பரப்பில் அது வேலை செய்யும். பூச்சிலும் மரத்திலும் குளோரின் மேற்பரப்பிலேயே வீரியம் இழந்துவிட, கரைசலின் தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. கறை வெளுப்பதால் பூஞ்சை போய்விட்டதாகத் தோன்றுகிறது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால், கொல்வதோடு நிறுத்தாமல் அகற்றியாக வேண்டும். இன்னொன்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாலும் தகும்: பிளீச்சிங் பவுடரையும் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு.

திரும்ப வராமல் காப்பதற்குப் பெரிய செலவில்லை. ஆவணிக்குள் மொட்டை மாடியைக் கூட்டி, விரிசலை அடைத்து, மழைநீர்க் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். குளித்த பிறகும் கால் மணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; எந்த அறையைக் கவனிக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு இந்த அறிவுரை போதாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல், அடுத்த இரண்டு வாரத்துக்குள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று வீடுகள் மூழ்குவதை இந்த மாநிலம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஊறினால் உள்ளே காய வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு ரேஷன் கடை வழியே ஒரு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அது தேவையான உதவி. சேறு வாரிய மறுநாள் சுவரை என்ன செய்வது, எதைத் தூக்கிப்போடுவது, எப்போது பெயின்ட் அடிப்பது என்று சொல்லும் ஒரு பக்கத் துண்டறிக்கையும் அதே ரேஷன் கடை வழியே வீட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டும்.

பூஞ்சை வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் உலக சுகாதார அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பார்க்கலாம். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறும் சுவாசத் தொற்றும் ஆஸ்துமாவும் அதிகம் என்பது அதன் முடிவு. இந்த அளவு பூஞ்சைவரை ஆபத்தில்லை என்று அது எந்த எல்லையும் வகுக்கவில்லை. ஈரத்தையே தடுக்கச் சொல்கிறது. சுவரில் கறுப்பைக் கண்டதும், கொரோனாவின் இரண்டாம் அலையில் 2021-இல் பலரைத் தாக்கிய 'கருப்புப் பூஞ்சை' இதுதானோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது மியூகோர்மைகோசிஸ் என்ற வேறு நோய், வேறு வகைப் பூஞ்சையால் வருவது. சுவரில் இருப்பது எந்த இனம் என்று சோதனைக்குப் பணம் கட்டவும் தேவையில்லை. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான்.

அலட்சியம் எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரம் சாட்சி. அங்கே சமூகக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். இரண்டு வயது முடிந்து எட்டே நாட்கள். வீட்டில் பூஞ்சை என்று தந்தை 2017-லேயே முறையிட்டார்; பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். நீண்ட காலம் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை தீர்ப்பளித்தது. நாடே கொந்தளித்தது. அவன் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சமூகக் குடியிருப்பு உரிமையாளர்கள் உடனடி ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சை பற்றிய புகாரைப் பத்து வேலை நாட்களுக்குள் ஆராய்ந்து, அடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் அட்டவணை, கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது ஆகியவற்றை வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. புதிய அடுக்கக வீடு என்றால், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்யும் கடமை கட்டுநருக்கு உண்டு என்கிறது 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். பெரும்பாலான வாடகைதாரர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும், காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் திறப்பதில்லை.

எனவே இரண்டு கோரிக்கைகள். கூரை ஒழுகல், குழாய்க் கசிவு, ஓதம் பற்றிய புகாருக்கு இத்தனை நாளில் ஆய்வு, இத்தனை நாளில் பழுதுநீக்கம் என்று தமிழ்நாடு அரசு கெடு வைக்க வேண்டும். அதை முதலில் தன் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் கடைப்பிடித்துக் காட்ட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஈரச் சுவரைத் தேதியோடு படம் எடுத்து, உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பெயின்டர் வந்தால் போதாது, பிளம்பர் வர வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.