மலைநாட்டில் வெயில் இல்லையாம்!

பங்குனி பிறந்துவிட்டால் இலங்கையில் இருவகை மனிதர் மலையை நோக்கிப் பார்க்கின்றனர். ஒரு சாரார், கொழும்பின் புழுக்கத்துக்கு அஞ்சி, நுவரெலியாவின் சித்திரைச் 'சீசன்' எப்போது தொடங்கும் என்று நாட்காட்டியைப் புரட்டுவோர். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் குளிர்ந்த காற்றும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. மற்றொரு சாரார், அதே மலையின் சரிவில், முதுகிலே கூடையும் இடுப்பிலே படங்குமாக நின்று, மேகம் ஏதும் திரளுகின்றதா என்று அண்ணாந்து பார்ப்போர். முதற் சாராரின் அபிப்பிராயம்தான் நாட்டின் அபிப்பிராயமாக நிலவுகிறது. மலைநாட்டில் வெயில் ஏது? அங்கே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் அல்லவா?

இந்த அபிப்பிராயத்தோடுதான் நமது முதல் வழக்கு.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொத்மலை நீர்த்தேக்கத்தின் நிரம்பிய நீர்மட்டமோ 703 மீற்றர். ஆயிரம் மீற்றர் மேலே செல்லச் செல்ல வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும் என்பது பள்ளிப் புவியியல். அந்தக் கணக்கின்படி, கொழும்பு கொதிக்கும்போது நுவரெலியாவில் பன்னிரண்டு பாகை குறைவு. கொத்மலைப் பள்ளத்தாக்கின் அடிவாரத்திலோ நான்கு அல்லது ஐந்து பாகைதான் குறைவு. ஆயினும் நிர்வாகப் பெயர் இரண்டுக்கும் ஒன்று: நுவரெலியா மாவட்டம். அந்தப் பெயரைக் கேட்டதும் அதிகாரியின் மனம் கம்பளியைத் தேடுகிறது! வளிமண்டலவியல் திணைக்களம் மாசி, பங்குனி மாதங்களில் வெளியிடும் வெப்ப எச்சரிக்கைகளில் பெரும்பாலும் பெயர் பெறுவன மேல், வடமேல், தென், சப்பிரகமுவ, வட மாகாணங்கள். அந்த வெப்பச் சுட்டெண்ணும் நிழலில் நிற்பவனுக்குக் கணக்கிடப்பட்ட ஒன்று. நேர் வெயிலில் நிற்பவருக்கு அது எட்டுப் பாகைவரை கூடக்கூடும் என்பது அந்தக் கணக்கை வகுத்தவர்களே சொன்னது. கொழுந்து எடுப்பவள் நிழலிலா நிற்கிறாள்?

மலைக்கு வெயில் விலக்கு என்ற இந்த எண்ணம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கேரளத்திலே, தொழிலாளர் பக்கம் நிற்பதாகப் பெயர் பெற்ற அந்த மாநிலத்திலே, கோடைதோறும் தொழிற்துறையினர் ஓர் ஆணை பிறப்பிப்பது வழக்கம். நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்கலாகாது என்பது அதன் சாரம். நல்ல ஆணை, நாம் வாழ்த்துகிறோம். ஆனால் அதன் வாலிலே ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கும்: கடல்மட்டத்திலிருந்து 3000 அடிக்கு மேற்பட்ட, வெயில் தாக்கத்துக்கு வாய்ப்பில்லாத இடங்களுக்கு இது பொருந்தாது. மூவாயிரம் அடிக்கு மேலே கேரளத்தில் யார் இருக்கிறார்கள்? மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் இருக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையே கடல் இருக்கிறது. நம்மைப் பற்றிய எண்ணம் மட்டும் கடலின் இருபுறமும் ஒன்றாக இருக்கிறது.

இனித் தோட்ட நிர்வாகத்தின் அபிப்பிராயம். அவர்கள் வெயிலை மறுப்பதில்லை. வெயிலை அவர்களைப்போல் அறிந்தவர் வேறு யார்? தேயிலைச் செடிக்கு 18 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான காற்றே உகந்தது; முப்பதைத் தாண்டினால் துளிர் ஓய்ந்துவிடும்; ஆகவே வறட்சியில் வருமானம் விழுகிறது; ஆகவே சம்பளத்தைப் பற்றி இப்போது பேசாதீர்கள் என்பது அவர்கள் தர்க்கம். செடிக்கு வெயில் சுடும் என்பதை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர்களுக்கு, அந்தச் செடியின் முன் எட்டு மணிநேரம் நிற்பவளுக்கும் சுடும் என்பது மட்டும் எட்டாமற்போவது விசித்திரந்தான்.

மடுவத்தில் நடப்பதைப் பாருங்கள். பறித்த கொழுந்தைச் சாக்கில் அடைத்துத் திணிக்கலாகாது, வெயிலில் வைக்கலாகாது, சூடேறினால் இலை சிவந்துவிடும், தூளின் தரம் கெட்டுவிடும் என்று கணக்கப்பிள்ளை எச்சரிப்பார். லொறி விரைந்து வரவேண்டும். ஸ்டோரிலே இலை வாடுவதற்குக்கூட அளவான காற்று, அளவான சூடு. நாட்டுச் சட்டமும் இதே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், தொழிற்சாலைக்குள் இருப்பவருக்குக் காற்றோட்டமும் தகுந்த வெப்பநிலையும் வேண்டும் என்று பேசுகிறது. ஸ்டோரின் வாசற்படியோடு அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. மலையேறி வர அதற்குக் காலில்லை. கொழுந்துக்கு வெயில் படக்கூடாது. கொழுந்தைத் தொடும் கைக்குப் படலாம்!

வறட்சியின் சுமை எந்தத் தோளில் இறங்குகிறது என்பதும் பார்க்கத்தக்கது. துளிர் குறைந்தாலும், கேட்கும் கிலோ எளிதில் குறைவதில்லை. கிலோ எட்டாவிட்டால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான். 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானபோது பல தோட்டங்களில் கிலோவை உயர்த்தினார்கள். 2024 மே மாதத்தில் 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டம்பரில் அது 1350 ஆக இறங்கி நின்றது. 2025 நவம்பரின் வரவுசெலவுத் திட்டம், அரசின் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 என்றது. ரூபாய் மேலேறுவதும் கீழிறங்குவதும் செய்தித்தாளில் வருகிறது. பங்குனியில் எத்தனை பேருக்கு எத்தனை அரைப்பேர் விழுந்தது என்பது செக்ரோலோடு முடிந்துவிடுகிறது. அரைநாட் கூலி என்றால் அரைநாள் வெயிலா? இல்லை. வெயில் முழுநாள், பேர்தான் பாதி.

நம்மவர்களிடையே உலவும் அபிப்பிராயங்களையும் விடுவதற்கில்லை. "நம் பாட்டன்மார் தாங்கவில்லையா? அவர்கள் காலத்தில் யார் வெயில் என்று முறையிட்டார்கள்?" என்று கேட்கும் பெரியவர்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அவர்கள்மீது நமக்குப் பக்தியே உண்டு. ஆயினும் கேட்கிறோம்: பாட்டன்மார் தாங்கினார்களா? கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்தவர்களில் எத்தனையோ பேர் தாகத்தாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தார்கள். தாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பேசுகிறார்கள்; தாங்காதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. மேலும், அன்றைய மலையும் இன்றைய மலையும் ஒன்றல்ல. நிழல்மரங்கள் தேயிலைக்கு வேண்டியவை என்பது 1925 முதல் இயங்கும், தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாருக்குப் பழைய பாடம். அந்த மரங்கள் பலகைக்கும் விறகுக்குமாகச் சாய்ந்த மலைகளை நாம் காண்கிறோம். மரம் சாய்ந்த மலையிலே செடியும் வாடும், ஆளும் வாடுவாள்.

காமன் கூத்துப் பருவம் இது. நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்த கதையை மாசியிலும் பங்குனியிலும் விடிய விடிய ஆடுகிற மக்களுக்கு வெயிலின் குணத்தை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அம்மன் மனம் இரங்கினால் மழை வரும் என்று கரகம் எடுப்பவளோடும் நமக்குப் பிணக்கில்லை. அவள் மழையைத்தானே கேட்கிறாள், நாமும் அதையே கேட்கிறோம். 'எல்லாம் விதி' என்று அவளுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, தாம் மின்விசிறியின் கீழ் அமர்கிறார்களே, அவர்களோடுதான் பிணக்கு.

மின்விசிறி என்றதும் அணைக்கட்டு நினைவுக்கு வருகிறது. மகாவலித் திட்டத்தின் கீழ் எழுந்து 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை அணை 87 மீற்றர் உயரம். அதன் மின்நிலையத்தின் ஆற்றல் 201 மெகாவாற்று. 2012 இல் மேல் கொத்மலைத் திட்டம் இன்னொரு 150 மெகாவாற்றைச் சேர்த்தது. இந்த நீருக்காகக் கொத்மலையின் சிங்களக் கிராமத்தவர் ஆயிரக்கணக்கில் வயலையும் வீட்டையும் விகாரையையும் விட்டு எழுந்தார்கள். கோடையில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் சிதைவுகள் வெளியே தெரியும். அதைக் காணக் கூட்டம் கூடும், படம் பிடிப்பார்கள். அங்கே மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியாவின் கோவில் தெரிவதும் இப்படித்தான். வற்றிய நீரில் கோவிலைப் பார்ப்பவர்கள், வற்றிய பீலியில் குடத்தோடு நிற்பவளைப் பார்ப்பதில்லை. 2019 பங்குனியில் மழை பிந்தி, நீர்மின் குறைந்து, நாடு முழுதும் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு நிகழ்ந்தபோது தலைநகரம் துடித்தது. வீட்டை இழந்த சிங்கள விவசாயிக்கும், வீடே தரப்படாத தமிழ்த் தொழிலாளிக்கும் நடுவே ஓடும் நீர், இருவரையும் கடந்து எங்கேயோ சென்று குளிர்விக்கிறது. இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகையென்று சொல்லிப் பிழைத்த அரசியலைப் பற்றித் தனியே எழுதலாம்.

படித்த இளைஞர்களின் அபிப்பிராயம் வேறு வகை. "இது உலகப் பிரச்னை. பூமியே சூடாகிறது. மனிதகுலம் முழுவதும் செய்த பிழைக்கு ஒரு தோட்டம் என்ன செய்யமுடியும்?" கேட்க ஞானம்போல ஒலிக்கிறது. மனிதகுலம் என்ற பெரிய போர்வைக்குள், நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வம் குவித்தவனும், மூன்று கல் அடுப்பில் சுள்ளி எரித்தவளும் ஒன்றாகப் படுக்கவைக்கப்படுகிறார்கள்! பூமி சூடாகிறது என்பது மெய். கோடை கருக்கிய அதே சரிவுகளை 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை பெயர்த்தெறிந்ததும் மெய். ஆனால் உலகம் திருந்தும்வரை தண்ணீர்ப் பீப்பாயை மலைக்கு அனுப்பாதிருக்க வேண்டும் என்று எந்த விஞ்ஞானம் சொல்லிற்று? 2030 அளவில் வெப்பத்தால் உலகின் வேலை நேரத்தில் 2.2 வீதம் இழக்கப்படும், அது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேசத் தொழில் நிறுவனம் 2019 இல் கணக்குக் காட்டியது. தொழிலாளர் உரிமைக்குப் பேர்போனதல்லாத கத்தார் நாடே, உலகின் கண்டனத்துக்குப் பின் 2021 இல், ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30 க்கும் இடையே வெளிவேலை கூடாது என்று விதித்தது. மன்னராட்சி செய்ததை மக்களாட்சி செய்யலாகாதா?

2024 இன் தொடக்கத்தில் வெப்பம் ஏறியபோது நமது கல்வி அமைச்சு பள்ளிக்கூடங்களுக்கு அறிவுரை அனுப்பியது: பிள்ளைகளை வெயிலில் ஓடவிடாதீர்கள், தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். வரவேற்கிறோம். அந்தப் பிள்ளையின் தாய் அதே மணியில், பள்ளியிலிருந்து பார்த்தால் தெரியும் மலையில் நிற்கிறாள். அவளுக்கு அறிவுரை அனுப்ப ஓர் அமைச்சும் இல்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னாலும் அவள் குடிக்கமாட்டாள். மலையிலே மலசலகூடம் இல்லை. ஆகவே தாகத்தை அடக்கிக்கொள்கிறாள். சிறுநீர்க் கடுப்பும் தலைசுற்றலும் மருந்துச் சீட்டில் வேறு பெயர்களோடு எழுதப்படுகின்றன.

அப்படியானால் வேலை நேரத்தை மாற்றலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். பெண்களே இதில் ஒருமனப்படவில்லை; அவர்களின் ஆட்சேபங்கள் நம் மேடைப் பேச்சுகளைவிடக் கனமானவை. விடியற்காலம் ஆறு மணிக்கே மலையேறு என்றால், ரொட்டி தட்டி, பிள்ளையை எழுப்பி, தண்ணீர் எடுத்து முடிக்க மூன்று மணிக்கு எழவேண்டும். பிள்ளை மடுவம் அந்நேரம் திறக்குமா? அதிகாலைக் கொழுந்து பனியில் நனைந்திருக்கும்; ஈரத்துக்கென்று தராசில் கழிப்பார்கள்; அந்தக் கழிவு யார் கணக்கில்? நண்பகலில் இறங்கி வந்தால் ஓய்வெடுக்க எங்கே இடம்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, மேலே தகரம், உட்கூரை கிடையாது. நண்பகலில் அந்தத் தகரத்தின் கீழ் இருப்பதைவிடத் தேயிலைக்குள் நிற்பதே மேல் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே நேர மாற்றம் என்பது தனியே நிற்கமுடியாத கோரிக்கை. ஈரக் கழிவு நீங்க வேண்டும். பிள்ளை மடுவத்தின் நேரம் மாறவேண்டும். வறட்சி மாதங்களில் கிலோ இறங்கவேண்டும். மலையிலே நிழற்கொட்டிலும் தண்ணீரும் மலசலகூடமும் வரவேண்டும். தகரத்தின் கீழே உட்கூரையாவது வேண்டும். ஏழு பேர்ச்சில் தனிவீடு என்பது எப்போது எல்லோரையும் எட்டுமோ, அதுவரை இந்த வெயில் காத்திராது.

தொழிற்சங்கத் தலைவர்கள் இவற்றைச் சில்லறை விவகாரம் என்பார்கள். சம்பள எண்ணிக்கை ஒன்றே மேடைக்கு உகந்த எண்ணிக்கை என்பது அவர்களின் நெடுநாள் நம்பிக்கை. ரூபாயின் பெறுமதி கரைந்துகொண்டே இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் மலைக்கு வந்தால் அது குடம் தண்ணீராகவே இருக்கும்.

கொத்மலைப் பகுதிப் பள்ளிகளின் ஆசிரிய நண்பர்களுக்கும் உயர்வகுப்பு மாணவர்களுக்கும் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அளந்து எழுதப்படாத வெயில், சம்பளச் சபையிலும் நீதிமன்றத்திலும் வெயிலாக ஏற்கப்படாது. பள்ளி ஆய்கூடத்து வெப்பமானி ஒன்று போதும். மாசி முதல் சித்திரை வரை, நண்பகலில், லயத்துக் காம்பராவின் தகரத்தின் கீழ் ஒருமுறை, கொழுந்து மலையில் ஒருமுறை அளந்து, நாளும் மணியும் இட்டு, அன்று எத்தனை பேருக்கு அரைப்பேர் போடப்பட்டது என்பதையும் அதே ஏட்டில் எழுதுங்கள். பிள்ளைகள் தம் தாய்மாரிடம் கேட்டாலே இரண்டாவது எண் கிடைத்துவிடும். அந்த ஏட்டைச் சங்க அலுவலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் நாமே எடுத்துச் செல்வோம்.